பென்சிலுக்கு முன்னே விரல்

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கூத்தனூர் சரஸ்வதி கோயில். விஜயதசமி அன்று காலையில் அங்கே நிற்கக்கூட இடம் கிடைக்காது. அப்பா மடியிலோ தாத்தா மடியிலோ உட்கார்ந்திருக்கும் குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய நெல்லில் 'அ' எழுத வைப்பார்கள். சில குழந்தைகள் வீறிட்டு அழும். சில, நெல்லை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலும் அதே நாளில் இது நடக்கும். அங்கே ஏடு தொடக்கல் என்பார்கள். கேரளத்தின் திரூரில் துஞ்சன் பறம்பில் பச்சரிசியில் விரல் ஓடும்.

நெல்லில் எழுதிய அந்தக் குழந்தையின் கையில் கொஞ்ச நாளிலேயே பென்சில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெட்டைக் கோடு நோட்டு. பக்கம் முழுக்க ஒரே எழுத்து. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை தூங்கி விழ, அம்மா அதன் கையைப் பிடித்து மிச்சமுள்ள நாலு வரியை எழுதி முடிக்கிறார். மூன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதுதான் தினசரி நடப்பு. பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை. நாளைக்குக் காலையில் நோட்டில் சிவப்பு மையில் குறிப்பு வந்துவிடுமோ என்று அவர்களுக்கும் பயம்.

விரலால் எழுதுவது ஒரு நாள் சடங்காகச் சுருங்கிப்போனதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு காலத்தில் பிள்ளைகள் மாதக்கணக்கில் அப்படித்தான் எழுதினார்கள். எழுத்துப் பழக்கும் கலையை இந்த மண் உலகத்துக்கே கொடுத்திருக்கிறது. கொடுத்ததை நாம் மறந்துவிட்டோம். வாங்கிக்கொண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழும்பூர் மணல்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறையும் தறுவாய். தமிழ் படிக்க அவர் பிடித்த வழி நேரானது. திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி ஆனா ஆவன்னா பழகினார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அதே தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது.

அடுத்த கதை எழும்பூரில் நடந்தது. ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு விடுதி இருந்தது. 1789இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தன் விடுதியிலும் இப்படியே செய்யுங்கள் என்று சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. கடைசி வகுப்பை எட்டு வயதுப் பையன் ஜான் ஃப்ரிஸ்கெனிடம் ஒப்படைத்தார். சாதாரண சிப்பாயின் மகன் அவன். சின்னவர்களுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுத்தே விட்டான்.

1797இல் பெல் இந்த அனுபவத்தை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் பலகை வந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டுக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளியின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ்.

பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இன்னொரு நுட்பத்தைக் கவனித்தது. ஐரோப்பாவில் பிள்ளைகள் எழுத்துகளை உரக்கச் சொல்லிப் படிக்கிறார்கள். இங்கே மணலில் விரலால் எழுதித்தான் எழுத்தை அறிகிறார்கள் என்று அவர் எழுதினார். வாய்க்கு முன்பே கை படித்தது.

இதைப் பெருமையோடு சொல்லும்போதே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மணல் எல்லா ஊரிலும் இருந்தது. அதில் எழுதும் உரிமை எல்லா விரலுக்கும் இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் திண்ணை ஏற்றவில்லை. பெண் பிள்ளைகள் மிக அபூர்வம். இன்று அரசுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். திண்ணைப் பள்ளியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மணலை மட்டும்தான்.

கை தயாரா?

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அப்போது எல்லாமே குருத்தெலும்புதான். பிறந்த சில மாதங்களில் இரண்டு, மூன்று வயதுவாக்கில் இன்னொன்று என்று ஒவ்வொன்றாக இறுகிவரும். ஆறு வயதையொட்டித்தான் ஏழு எலும்புகள் ஓரளவு உருவாகியிருக்கும். எட்டாவது எலும்புக்கு எட்டு வயதைத் தாண்ட வேண்டும். கூரான பென்சிலை இறுக்கிப் பிடித்து, கோட்டுக்கு வெளியே போகாமல் ஐந்து வரி எழுது என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்கிறவர் இந்த மணிக்கட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிடியும் படிப்படியாகத்தான் வரும். ஒன்றரை வயதில் குழந்தை கிரேயானை முஷ்டியால் பிடிக்கும். தோளிலிருந்து கை முழுதும் அசையும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கித் திரும்பும். நாலு வயதையொட்டிக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த பிடி அமையும். அப்போதும் மணிக்கட்டுதான் அசையுமே தவிர விரல்கள் அசையாது. விரல்களே சின்னச் சின்னதாக அசைந்து எழுத ஐந்து, ஆறு வயதாகும். பார்த்து வரைவதற்கும் ஒரு வரிசை உண்டு. மூன்று வயதில் வட்டம், நாலில் கூட்டல் குறி, ஐந்தையொட்டிச் சதுரம், அதற்குப் பிறகே முக்கோணம். ஓரிரு மாதம் முன்பின் இருக்கலாம். வரிசை பெரும்பாலும் மாறாது.

மணலின் அருமை இங்கேதான் புரிகிறது. விரலைப் பிடிக்க வேண்டியதில்லை, விரல்தான் எழுதுகோல். எழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் போடலாம். மணல் லேசாகத் தடுப்பதால் திருப்பங்கள் விரலில் பதியும். தப்பானால் ஒரு தடவு தடவினால் போதும். அடித்துத் திருத்திய அடையாளம் எதுவும் மிஞ்சாது. மணலுக்குப் பிறகு வந்த சிலேட்டிலும் இந்த நல்ல குணம் இருந்தது. பலப்பத்தால் எழுதி, கோவை இலையால் துடைத்து, மறுபடி எழுதி வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. நோட்டுப் புத்தகம் எல்லாத் தப்பையும் சேர்த்து வைக்கும். பழகும் வயதில் அந்தச் சேமிப்பு தேவையில்லை.

மரியா மாண்டிசோரி இதை வேறு வழியில் கண்டுகொண்டவர். 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினார்கள். நாலு, ஐந்து வயதில் ஒரு நாள் திடீரென்று தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள். வாசிப்பு அதற்குப் பின்னால் வந்தது. 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே உலகப் போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால், போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அடையாறிலும் கொடைக்கானலிலும் அவர் கழித்த அந்த ஆண்டுகளில் பயின்ற ஆசிரியர்கள் மூலமாக உப்புத்தாள் எழுத்து இங்கே பரவியது. மணலைத் தாளில் ஒட்டினால் அதுதானே!

நம் வீடுகளில் கையைப் பழக்கும் வேலைகளுக்கு என்றுமே குறைவில்லை. கோலமாவை மூன்று விரலால் எடுத்துக் கோடாக விடும் பிடியும் பென்சில் பிடியும் ஏறக்குறைய ஒன்றே. பல்லாங்குழியில் புளியங்கொட்டை பொறுக்குவது, அஞ்சாங்கல் ஆடுவது, பூத் தொடுப்பது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டுவது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். இவற்றில் பலவற்றைப் பெண் பிள்ளைகளோடு நிறுத்திவிட்டோம். பையன்களுக்கும் கோலமாவைக் கொடுக்கலாம். நீள பென்சிலைவிட உடைந்த கிரேயான் துண்டு நல்லது. சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தானாக வேலைக்கு வந்துவிடும்.

'அ'வில் தொடங்க வேண்டுமா?

அகர வரிசை இலக்கணத்தின் வரிசை. காதுக்கும் வாய்க்கும் அது பொருத்தம். கைக்குப் பொருந்துமா? 'அ' எழுதிப் பார்த்தால் தெரியும். மேலே ஒரு சிறு வளைவு, கீழே இறங்கி ஒரு சுற்று, அங்கிருந்து வலப்பக்கம் ஓடும் கோடு, கடைசியில் ஒரு நெடுங்கோடு. 'இ' இதைவிடக் கடினம். 'ட'வில் இந்தத் தொல்லை இல்லை. கீழே இறங்கு, வலப்பக்கம் போ, முடிந்தது. அங்கிருந்து மேலே ஏறினால் 'ப'. அதன் உறவுகளாக 'ம'வும் 'ய'வும் வரும்.

இந்த நாலு எழுத்தோடு ஒரு புள்ளியைச் சேர்த்தால் என்ன கிடைக்கிறது? படம், மடம், பட்டம், பயம். 'ர' சேர்ந்தால் மரம். பத்து நாளில் குழந்தை தன் கையால் எழுதிய சொல்லைத் தானே வாசித்துவிடும். பட்டம் என்று எழுதி, பக்கத்தில் வாலோடு ஒரு பட்டமும் வரைந்துவிடும். 12 உயிரையும் எழுதி முடித்த பிள்ளை அவற்றை மட்டும் வைத்து எத்தனை சொல் எழுதிவிட முடியும்? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், எளிய வடிவங்களிலிருந்து தொடங்கும் இந்த வழியைத்தான் அட்டைகளாக்கியது. அகர வரிசையைப் பாட்டாகப் பாடட்டும், மனப்பாடம் ஆகட்டும். எழுதும் வரிசை வேறாக இருப்பதில் தமிழுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

247 என்ற எண்ணிக்கையைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம். 216 உயிர்மெய்யும் 216 தனி வடிவம் கிடையாது. துணைக்கால், கொம்பு, விலங்கு என்று சில குறிகள் திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆனால், ஒட்டும் இடத்தில் ஒரு முள் இருக்கிறது. அதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'கெ' சொல்லி எழுதச் சொல்லுங்கள். காதில் முதலில் விழுவது 'க்', பிறகு 'எ'. எழுதும்போதோ கொம்பு முதலில் வர வேண்டும், 'க' அப்புறம். பிள்ளை 'க' எழுதிவிட்டுக் கொம்பை வலப்பக்கம் போடுகிறது. வீட்டில் குட்டு விழுகிறது. கவனக்குறைவால் வந்த தப்பில்லை இது. கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறது குழந்தை! 'கொ' இன்னும் பாடு. ஒரே ஒலிக்கு இடப்பக்கம் ஒரு குறி, வலப்பக்கம் ஒரு குறி. இதற்கு நல்ல மருந்து அட்டைத் துண்டுகள். 'க' ஒன்று, கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று வெட்டிக்கொடுத்தால் பிள்ளை முதலில் 'க'வை நடுவில் வைக்கும். பிறகு முன்னால் கொம்பு, பின்னால் கால். கண் பழகிய பிறகு நோட்டில் எழுதச் சொன்னால் கை தானாக இடப்பக்கத்திலிருந்து தொடங்கும்.

உகர வரிசைதான் எல்லாவற்றிலும் கரடுமுரடு. கு, சு, டு, து, மு, ணு. ஒன்றுக்கு வளைவு, ஒன்றுக்குக் கீற்று, ஒன்றுக்குச் சுழி. 'க'வுக்குக் கற்ற விதி 'த'வுக்குச் செல்லாது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளையும் சீர்படுத்த வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார். அது நடக்கவில்லை. நடக்கும்வரை இந்த வரிசைகளுக்குக் கூடுதல் வாரங்களும் கூடுதல் பொறுமையும் கொடுப்பதே நியாயம்.

எழுத்து மாறக் கூடாது என்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 'எ'வையும் 'ஏ'வையும், 'ஒ'வையும் 'ஓ'வையும் இன்று நாம் பார்த்ததும் பிரித்துவிடுகிறோம் என்றால் அதற்கு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் காரணம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன்பு படித்தவர்கள் 'லை', 'னை' எழுத யானைத் தும்பிக்கை போலத் தலைக்கு மேல் ஒரு சுழி போட வேண்டியிருந்தது. ணா, றா, னாவுக்குத் தனித்தனி உருவங்கள். அந்தச் சுமை இன்றைய பிள்ளைக்கு இல்லை.

புள்ளிக்கோட்டின் மேல்

கடைகளில் கிடைக்கும் எழுத்துப் பயிற்சி ஏடுகளைப் புரட்டினால் எங்கே பார்த்தாலும் புள்ளிகள். புள்ளி மேல் எழுது, கோட்டின் மேல் எழுது. பக்கம் அழகாக இருக்கும், பெற்றோருக்கும் திருப்தி. மூளைக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தேடியது. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாங்களாகப் பார்த்து எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே எழுத்துகளைக் காட்டினார்கள். வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பானது, பிள்ளைகள் தாங்களாகப் பார்த்து எழுதிய எழுத்துகளுக்குத்தான். கோட்டின் மேல் வரைந்ததற்கும் தட்டச்சு செய்ததற்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2005இல் பிரான்சில் மரியேக் லோங்காம்ப் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும், தட்டச்சில் பழகியவர்களைவிடக் கையால் எழுதிய மூத்த பிள்ளைகளே எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள்.

ஜேம்ஸ் தரும் விளக்கம் கோணல் எழுத்துக்கு மரியாதை தருகிறது. குழந்தை பத்துத் தடவை 'ப' எழுதினால் பத்தும் பத்து விதமாக இருக்கும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று வாய் பிளந்திருக்கும். எது மாறினாலும் 'ப' 'ப'தான், எது மாறினால் 'ம' ஆகிவிடும் என்று மூளை அந்தப் பத்திலிருந்து கற்கிறது. புள்ளியின் மேல் எழுதினால் பத்தும் ஒன்றே. எனவே எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்று காட்ட ஒன்றிரண்டு முறை புள்ளிக்கோடு போதும். அதற்கு மேல் வெற்று இடம்தான் வேண்டும். கைப்பேசித் திரையில் விரல் தேய்க்கும் செயலிகளும் பெரும்பாலும் புள்ளிக்கோட்டின் வேலையைத்தான் செய்கின்றன.

விதி இருக்கிறது

அவசரப்படாதீர்கள் என்று சட்டமும் நீதிமன்றமும் பலமுறை சொல்லியாகிவிட்டது. பள்ளியில் சேர்க்கக் குழந்தையைச் சோதிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடுத்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்.கே.ஜி.க்கு எப்படிச் சரியாகும்? பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அரசு தரப்பில் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்து தெரியாத பிள்ளை வெட்கப்படாமல் அரும்பில் உட்காரலாம். எழுத்து தெரியாமலே ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தில் ஒரு பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளதாக இருக்கும். "பீச்சாங்கையால எழுதாதே" என்று அதட்டிப் பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் திணிப்பது இன்னும் நடக்கிறது. அது கொடுமை. அந்தப் பிள்ளையை பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது. நோட்டின் மேல்பகுதியை லேசாக வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எழுதியது கைக்கு அடியில் மறையாது. இந்த இரண்டும் போதும்.

'ட'வைத் திருப்பிப் போட்டு எழுதும் பிள்ளையைக் கண்டும் பதற வேண்டாம். ஒரு நாற்காலியை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நாற்காலி என்றே அறிய மூளை பழகியிருக்கிறது. பக்கம் மாறினால் பொருளே மாறும் என்ற புது விதியை எழுத்துக்காகக் கற்றுக்கொள்ள அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஆறு, ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானே சரியாகிவிடும். ஏழு வயது தாண்டியும் எழுத்துகள் தொடர்ந்து திரும்பினாலோ, பென்சில் பிடித்தாலே கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறினாலோ முதலில் கண் பரிசோதனை. அதில் கோளாறு இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றையும் புது நோட்டு ஒன்றையும் திருத்தாமல் அப்படியே எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.